ஊருக்கு மார்க் போடுகிறார்கள்

எங்கள் வீட்டில் சொத்து வரி கட்டும் வேலை என் தலையில்தான். அரையாண்டுக்கு ஒரு முறை பாட்டி பழைய ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவாள். முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்பது அவளுக்கு அத்துப்படி. வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். அதாவது கோயிலின் ஏழாம் சுற்று மதிலுக்குள்ளேயே குடியிருக்கிறோம். ஆனால் கோயிலுக்குச் சொத்து வரி கிடையாது, எங்களுக்கு உண்டு :-)

இந்த முறை வரி கட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போன அன்று வகுப்பில் மாநகராட்சிப் பத்திரங்கள் பற்றிய பாடம். தனி மனிதனுக்கு சிபில் ஸ்கோர் இருப்பது போல, கம்பெனிக்கு ரேட்டிங் இருப்பது போல, ஊருக்கும் ரேட்டிங் உண்டு என்றார் ஆசிரியர். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், ஊருக்கு அரியர் உண்டா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீட்டுக்கு வரும்வரை மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஊருக்கு மார்க் போடுகிறார்கள் சரி, பரீட்சை எழுதியது யார்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. மாநகராட்சிக்குப் பாதாள சாக்கடை போட வேண்டும், குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டும். கையில் பணம் இல்லை. மாநில அரசிடம் மானியம் கேட்கலாம், வங்கியில் கடன் வாங்கலாம், அல்லது பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் பணம் திரட்டலாம். பத்திரம் வாங்குபவர்கள் காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள், பரஸ்பர நிதிகள். அவர்களுக்குத் திருச்சி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் போட்ட எழுத்தைப் பார்ப்பார்கள். டிரிபிள் ஏ என்றால் முதல் வகுப்பு, டபுள் ஏ அடுத்தது, அப்படியே இறங்கி பிபிபி மைனஸ் வரை பாஸ். அதற்குக் கீழே ஃபெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்துக்கு விலை உண்டு. 100 கோடி ரூபாயைப் பத்து வருடத்துக்கு வாங்கி, அசலைக் கடைசியில் மொத்தமாகத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஒரே ஒரு சதவீதம் கூடினால் வருடத்துக்கு ஒரு கோடி, பத்து வருடத்தில் பத்து கோடி கூடுதல். கட்டுவது யார்? அந்த வரிசையில் என்னோடு நின்றவர்கள்தான். 2017 ஜூனில் புனே மாநகராட்சி 200 கோடியை 7.59 சதவீத வட்டிக்குத் திரட்டியது. எட்டு மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், ஹைதராபாத் அதே 200 கோடிக்கு 8.90 சதவீதம் கொடுத்தது. இடையில் சந்தையில் வட்டியே ஏறியிருந்தது, அதனால் வித்தியாசம் முழுவதையும் ரேட்டிங் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் புனே டபுள் ஏ பிளஸ், ஹைதராபாத் டபுள் ஏ என்பது வட்டிக் கணக்கில் சேராமல் போயிருக்காது.

2015-ல் செபி இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. அம்ருத் திட்டத்தில் நகரங்கள் ரேட்டிங் வாங்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. 2017 மார்ச்சில் 94 நகரங்களின் முடிவு வெளியானது. 55 நகரங்கள் பிபிபி மைனஸும் அதற்கு மேலும், 39 நகரங்கள் அதற்குக் கீழே. டபுள் ஏ பிளஸ் வாங்கிய முதல் மூவர் புது டெல்லி நகராட்சி, நவி மும்பை, புனே. பத்திரிகைகள் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி போட்டன.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ரேட்டிங் போடுபவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? சொந்த வருமானம் எவ்வளவு, மானியத்தை எவ்வளவு நம்பி இருக்கிறார்கள், விதித்த வரியில் எத்தனை சதவீதம் வசூலாகிறது, வரவு செலவு போக என்ன மிஞ்சுகிறது, கணக்கு ஒழுங்காகத் தணிக்கை ஆகிறதா. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இதில் எத்தனைக்கான விடை மாநகராட்சியின் கையில் இருக்கிறது?

சொத்து வரியை எடுங்கள். தமிழ்நாட்டில் சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-ல் பொதுச் சீராய்வு நடந்தது. அடுத்தது 2018-ல். பத்து வருடம் கழித்து! அதையும் 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற நேரத்தில், மாநில அரசே நிறுத்தி வைத்தது. பிறகு நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது, ஏப்ரல் முதல் தேதி உயர்வு வந்துவிட்டது. திருச்சி போன்ற மாநகராட்சிகளில் வீடுகளுக்கு, பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. (அன்று பாட்டி பேசியதை இங்கே எழுத முடியாது.) ஏற்றியது, நிறுத்தியது, மறுபடி ஏற்றியது, மூன்றுமே கோட்டையில் எடுத்த முடிவு. நம் மாநகராட்சி அவற்றைக் கேட்டு நடந்தது. ஆனால் 'சொந்த வருமானம் வளரவில்லை' என்ற மார்க் குறைப்பு மாநகராட்சியின் பெயரில்தான் பதிவாகும்.

இதைவிட மோசம், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை இங்கே கவுன்சிலே கிடையாது. ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப் போட்டது நம் வார்டு மக்களா? நிர்வாகத்தின் தரம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் யாருக்கு மார்க் குறைப்பது?

அடுத்தது பொன்மலை. என் நண்பன் ஒருவன் அங்கே ரயில்வே குடியிருப்பில் இருக்கிறான். ரயில்வே பணிமனையும் குடியிருப்புகளும் சேர்ந்து எவ்வளவு பெரிய இடம் என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநில அரசோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. சேவைக் கட்டணம் மட்டும் வாங்கலாம். ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்கு முடிவானது. மாநகராட்சி எவ்வளவு சேவை செய்கிறது என்பதைப் பொறுத்து, சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம், அல்லது மூன்றில் ஒரு பங்கு. ஆக, வேறு ஊரில் ஒரு தனியார் தொழிற்சாலை இருக்கும் அளவு இடத்தில் நமக்கு ரயில்வே இருந்தால், அந்த ஊரின் வரி வருமானம் முழு ரூபாய், நம்முடையது அதிகபட்சம் முக்கால் ரூபாய். ரயில்வே இந்த ஊருக்குச் சோறு போட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரேட்டிங் கணக்கில் சோறு வராது, வரிதான் வரும்.

ஸ்ரீரங்கம் கதையும் அதேதான். கோயில் வளாகம் 156 ஏக்கர் என்கிறார்கள், அதில் வெளிச்சுற்றுகளில் எங்களைப் போன்றவர்களின் வீடுகளும் கடைகளும் அடக்கம். வழிபாட்டு இடத்துக்கு வரி விலக்கு. அதில் எனக்குப் புகார் இல்லை, கோயிலுக்கு வரி போடச் சொல்லி எழுதினால் பாட்டி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறை கொள்ளாது. குப்பை அள்ளுவது, தண்ணீர் கொடுப்பது, தற்காலிகக் கழிப்பறை வைப்பது எல்லாம் மாநகராட்சி. வந்தவர்கள் யாரும் இங்கே வரி கட்டுபவர்கள் அல்லர். செலவுப் பக்கம் மட்டும் ஏறுகிறது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் நிறைந்த ஊரையும் யாத்திரை ஊரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் யாத்திரை ஊர் குள்ளமாகத்தான் தெரியும்.

இதே சண்டை அமெரிக்காவில் வேறு உருவத்தில் நடந்தது. அங்கே மூடிஸ் போன்ற நிறுவனங்கள் நகரங்களுக்கு ஓர் அளவுகோலும் கம்பெனிகளுக்கு வேறு அளவுகோலும் வைத்திருந்தன. எழுத்து ஒன்றே, அர்த்தம் வேறு. நகரப் பத்திரத்தில் வெறும் ஏ வாங்கியவை தவணை தவறிய விகிதம், கம்பெனிகளில் டிரிபிள் ஏ வாங்கியவற்றின் விகிதத்தைவிடக் குறைவு. ரேட்டிங் நிறுவனங்களின் சொந்தப் புள்ளிவிவரமே அப்படித்தான் சொன்னது. அதாவது தொண்ணூறு வாங்க வேண்டிய பையனுக்கு எழுபது போட்டார்கள். எழுபது வாங்கிய ஊர்கள் என்ன செய்தன? எம்பிஐஏ, ஆம்பாக் போன்ற காப்பீட்டு நிறுவனங்களிடம் பிரீமியம் கட்டி, அவர்களுடைய டிரிபிள் ஏ எழுத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டன. 2000-களின் நடுவில் புதிதாக வந்த நகரப் பத்திரங்களில் ஏறக்குறைய பாதி இப்படிக் காப்பீடு செய்யப்பட்டவை. 2008-ல் அடமானக் கடன் நெருக்கடியில் அந்தக் காப்பீட்டு நிறுவனங்களே சாய்ந்தன. பிரீமியம் கட்டிய நகரங்களோ பெரும்பாலும் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தன!

கலிஃபோர்னியாவின் கருவூலத் தலைவர் பில் லாக்கியர் 2008-ல் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அதே வருடம் கனெக்டிகட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமெந்தால் மூடிஸ், எஸ் அண்ட் பி, ஃபிட்ச் மூன்றின் மேலும் வழக்குப் போட்டார். 2010-ல் மூடிஸும் ஃபிட்சும் நகர ரேட்டிங்குகளைப் பொது அளவுகோலுக்கு மாற்றின, ஆயிரக்கணக்கான ஊர்களின் எழுத்து ஒரே மூச்சில் உயர்ந்தது. ஊர்கள் அன்று காலை எதையும் புதிதாகச் சாதித்துவிடவில்லை. 2011-ல் வழக்கு சமாதானமாக முடிந்தபோது கனெக்டிகட்டுக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் டாலர் மதிப்புள்ள ரேட்டிங் கட்டணச் சலுகை. வாத்தியார் மேல் புகார் சொன்னால் அவரிடமே இலவச டியூஷன் கிடைத்த மாதிரி.

இங்கே ஒரு நண்பர் மறுத்துப் பேசினார். கேட்க வேண்டிய மறுப்பு. "ரேட்டிங் என்பது நல்ல பையன் சர்ட்டிஃபிகேட் இல்லை. கடன் திரும்ப வருமா, வராதா என்ற ஒரே கேள்விக்குப் பதில். ஏழைப் பையன் கஷ்டப்பட்டுப் படித்தான் என்பதற்காகத் தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைத்துக் காட்டுமா? மாநில அரசு கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றால் அதுவும் ஒரு ஆபத்துதானே, பணம் போடுகிறவனுக்கு அது தெரிய வேண்டாமா?" என்றார்.

முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். நான் கருணை மார்க் கேட்கவில்லை. 2013-ல் டெட்ராய்ட் திவாலானபோது சுமார் 1,800 கோடி டாலர் கடன் நின்றது, ஓய்வூதியக்காரர்களின் பணத்திலும் கை வைத்தார்கள். ஊர் என்றால் விழாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் மாநகராட்சிப் பத்திரங்கள் தவணை தவறியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் தேறும் என்று தெரிந்த ஊர்கள் மட்டுமே பத்திரம் போட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநகராட்சிகள் செய்யும் தப்புகளும் உண்டு. விதித்த வரியை வசூலிக்காமல் பெரிய பாக்கிதாரர்களை விட்டுவிட்டு, தெருக்கோடியில் இருப்பவர் வீட்டுக் குழாயைத் துண்டிக்கும் மாநகராட்சிக்கு மார்க் குறைத்தால் நான் கை தட்டுவேன்.

ஆனால் தெர்மாமீட்டர் என்ற உவமை எனக்கு ஒத்துவரவில்லை. தெர்மாமீட்டர் பார்த்த பிறகு காய்ச்சல் ஏறுவதில்லை. ரேட்டிங் குறைந்தால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் மிச்சம் குறையும், மிச்சம் குறைந்தால் அடுத்த ரேட்டிங் இன்னும் குறையும். அளக்கும் கருவியே நோயைக் கூட்டுகிறது. அதோடு தெர்மாமீட்டர் சரியாகவாவது காட்ட வேண்டும். ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் டிரிபிள் ஏ. செப்டம்பரில் டி, அதாவது தவணை தவறியது. இரண்டே மாதத்தில் சென்டத்திலிருந்து முட்டைக்கு! எந்த மாநகராட்சியையும் இவ்வளவு செல்லமாக யாரும் திருத்தியதில்லை. இதில் ஒரு வேடிக்கை: தமிழ்நாட்டு நகரங்களின் கடன் நிதியை நிர்வகிக்க 1996-ல் ஏற்படுத்திய நிறுவனத்தில் மாநில அரசோடு ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல் அண்ட் எஃப்எஸ் மூன்றும் பங்குதாரர்கள்.

நம் மாநிலத்து அனுபவத்தில் இன்னொரு விஷயம் கவனித்தேன். மதுரை மாநகராட்சி 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடிக்குப் பத்திரம் போட்டது. நல்ல ரேட்டிங், டபுள் ஏ பிளஸ். ஆனால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எஸ்ஓ' என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டமைக்கப்பட்ட கடன் என்று பொருள். சாலையில் வசூலாகும் சுங்கம் நேராகத் தனிக் கணக்குக்குப் போய்விடும், அதிலிருந்து பத்திரக்காரர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மிச்சம் மதுரைக்கு. மார்க் மதுரைக்கு அல்ல, அந்தப் பூட்டுக்கு. அடுத்து, 2002 கடைசியில் அம்பத்தூர், தாம்பரம் உள்ளிட்ட பதின்மூன்று சிறிய உள்ளாட்சிகளைச் சேர்த்து, குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதி என்ற பெயரில் சுமார் 30 கோடி ரூபாய் திரட்டினார்கள். வட்டி 9.20 சதவீதம். அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் உத்தரவாதம், தவணை தவறினால் மாநில அரசு தரும் பங்கிலேயே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. தனித்தனியாகப் போனால் சந்தை திரும்பிக்கூடப் பார்த்திருக்காத சின்ன ஊர்கள் இவை, அதனால் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். அழகான யோசனை.

ஆனால் பூட்டு போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வருமானத்தில் நம்பகமான பகுதி முதலில் தனிக் கணக்குக்குப் போகிறது. வருமானம் குறையும் மாதத்தில் பத்திரக்காரருக்குக் குறையாது, துப்புரவுக்கும் தெருவிளக்குக்கும்தான் குறையும். ரேட்டிங் அளப்பது முதலீட்டாளரின் பாதுகாப்பை, தெருவின் பாதுகாப்பை அல்ல. அகமதாபாத் 1998-ல் மாநில உத்தரவாதம் இல்லாமல் 100 கோடிக்கு முதல் பத்திரம் போட்டுப் பேர் வாங்கியது. அதற்கு அடமானம் ஊருக்குள் வரும் சரக்குக்கு வசூலிக்கும் ஆக்ட்ராய் வரி. ஏழு வருடப் பத்திரம், நல்லபடியாக முடிந்தது. 2007-ல் குஜராத் அரசு ஆக்ட்ராயையே ஒழித்தது. வணிகர்களுக்கு நல்லதுதான், லாரிகள் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டாம். ஆனால் ஊர் தன் சொந்தக் கையால் வசூலித்த வரி போய், அரசு தரும் ஈட்டுத்தொகையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. அகமதாபாத் வாங்கிய நல்ல மார்க் அந்த வரியைக் காப்பாற்றவில்லை.

எனக்குத் தோன்றும் வழி பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒரே எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து போடுங்கள். ஒன்று, ஊர் தன் கையில் உள்ளதை எப்படிச் செய்தது: வசூல், கணக்கு, பாக்கி, பராமரிப்பு. இன்னொன்று, மாநிலமும் மத்திய அரசும் ஊருக்கு விதித்த சூழ்நிலை எப்படி: வரி உயர்த்தும் உரிமை, நேரத்துக்கு வரும் நிதிப் பங்கு, நேரத்துக்கு நடக்கும் தேர்தல். முதலீட்டாளர் இரண்டையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு ஒரு தகவலும் குறையாது. எஸ் அண்ட் பி 2013-ல் அமெரிக்க நகரங்களுக்கான முறையை மாற்றியபோது மாநிலத்தின் சட்ட அமைப்புக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் வைத்தது. ஆக, முடியாத காரியமில்லை. ஆனால் அங்கேயும் கடைசியில் எல்லாவற்றையும் கலக்கி ஒரே எழுத்தாக்கித்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

இரண்டாவது எழுத்து குறைவாக இருந்து அதனால் வட்டி கூடினால், அந்தக் கூடுதல் வட்டியை மாநில அரசு கொடுக்கட்டும். சீராய்வைத் தேர்தலுக்காக நிறுத்தும் அமைச்சருக்கு, நிறுத்துவதன் விலை இத்தனை கோடி என்று ஒரு பில் வந்தால் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசை.

இது திருச்சிக்கு வெறும் பாடப்புத்தக விஷயமில்லை. 2025 மே மாதத்தில் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்காக 7.97 சதவீத வட்டியில் 200 கோடிக்கு மேல் பத்திரத்தில் திரட்டியது. அதே மாதம் இங்கே பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஊர் அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டே போகிறது, புதுக் குடியிருப்புகளுக்குச் சாக்கடையும் தண்ணீரும் வேண்டும். மானியம் மட்டும் நம்பி ஆகாது.

ஸ்ரீரங்கம் 1994 வரை தனி நகராட்சி. அந்த வருடம் ஜூனில் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை மூன்று நகராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆனது. பாட்டிக்கு இன்றும் 'திருச்சிக்காரன்' என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவன். வரி கட்டி வந்த ரசீதை நீட்டியபோது மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தள்ளுபடி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாள். நான் ரேட்டிங் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள். "நான் ஒரு தவணைகூட விட்டதில்லையேடா, எனக்கு என்ன மார்க்?"

அவள் கட்டிய ரசீதுகள் 1994-க்கு முந்தியவை உட்பட ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அந்த டப்பாவைத் திறந்து பார்க்கும் ரேட்டிங் அலுவலர் இதுவரை யாரும் எங்கள் வீதிக்கு வரவில்லை.